நூற்றுக்கு நூறு வாங்கிய வீரமுத்து

மூணுகல் ரப்பர் தோட்டத்தில் வீரமுத்து இறந்தது ஜப்பான்காரன் ஆட்சியின் இரண்டாம் வருடம், தை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. ஆபீஸ் அதை ஒப்புக்கொள்ள ஒன்றே கால் வருடம் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் அவன் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போடவில்லை. யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நன்னெறி மன்றத்து வகுப்பில் ஒருமுறைகூடக் கொட்டாவி விடவில்லை. உயிரோடு இருந்தவர்களில் ஒருவராலும் அது முடியவில்லை.

இதில் யாரைக் குற்றம் சொல்வது என்று கேட்டால், தோட்டத்து ஜனங்கள் யாரையும் சொல்லமாட்டார்கள். பெரட்டு மண்டோர் யாகப்பன் மட்டும் தன்னைச் சொல்லிக்கொண்டார். பெரட்டு என்பது விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. மண்டோர் என்றால் கங்காணி. பதினாலு வருடமாக அந்த வேலையைச் செய்தவர் அவர். நாற்பது பேர் அவர் கணக்கில். பேரைச் சொன்னால் 'இருக்கேன்' என்று பதில் வரவேண்டும். வந்தால் புத்தகத்தில் ஒரு கோடு. அவ்வளவுதான் வேலை. அந்த வேலையில் தத்துவம் ஏதும் இருப்பதாக அவருக்குத் தோன்றியதே இல்லை.

வீரமுத்து அவருக்கு அடுத்த வீட்டுக்காரன். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே பலகைச் சுவர். மலைக்காய்ச்சல் வந்து, கொயினா மருந்து கிடைக்காமல், ஒன்பதாம் நாள் போய்விட்டான். குளிப்பாட்டித் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு, மண் ஒட்டிய காலோடு யாகப்பன் ஆபீஸுக்குப் போனார்.

பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, திருநாவுக்கரசு மேசையில் உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போன பிறகு, ஜப்பான் துரை செரம்பானில் இருந்தபடியே தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள, மூணுகல்லில் எல்லாமே பெரிய கிராணிதான்.

"ஐயா, நம்ம ஆளு ஒருத்தன் செத்துட்டான்."

"படிவம் இல்லையே" என்றார் திருநாவுக்கரசு.

"படிவமாங்க?"

"மரணப் படிவம். பழசுல இங்கிலீஷ் ராஜா கிரீடம் போட்டிருக்கு. அதுல எழுதுனா என் கழுத்து போயிரும். புதுசு செரம்பான்லேர்ந்து வரணும். வர்ற வரைக்கும் இந்தத் தோட்டத்துல யாரும் செத்ததா எழுத முடியாது."

"நாங்க பொதைச்சிட்டோமேங்க."

"அது ஒங்க சொந்த விஷயம்" என்றார் பெரிய கிராணி. செத்தவன் பேரென்ன என்று அவர் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? எழுதத்தான் தாள் இல்லையே.

மறுநாள் காலைதான் அந்தத் தப்பு நடந்தது. காலை என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். ஜப்பான்காரன் வந்ததும் கடிகாரத்தை டோக்கியோ மணிக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துவிட்டான். ஐந்தரை மணிப் பெரட்டு பழைய நாலு மணிக்கு நடந்தது. யாகப்பன் கையில் ஒரு லாந்தர். அது புத்தகத்தைக் காட்டும், எதிரில் நிற்பவன் முகத்தைக் காட்டாது. அவர் வாய் பதினாலு வருஷத்து வழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ராமசாமி. இருக்கேன். அடுத்தது வீரமுத்து.

சொன்ன பிறகுதான் சொன்னதே அவருக்கு உறைத்தது. சற்று நேரம் கழித்து இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"இருக்கேன்."

ராமசாமியின் குரல். வேலைக்கென்று அவனுக்குப் பிரித்துவிட்ட நிரையும் வீரமுத்துவின் நிரையும் பக்கத்துப் பக்கத்தில். ஒருத்தன் காய்ச்சலில் கிடந்தால் பக்கத்து நிரைக்காரன் அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்து, அவன் வேலையையும் சேர்த்துச் செய்து முடிப்பது தோட்டத்தில் பழைய வழக்கம். மண்டோர்களுக்கும் தெரியும், காது கேட்காத மாதிரி இருந்துவிடுவார்கள். ஒன்பது நாளாகக் குரல் கொடுத்த ராமசாமியின் நாக்கு பத்தாம் நாளும் அதே பழக்கத்தில் புரண்டுவிட்டது. யாகப்பனின் பென்சிலும் பழக்கத்தில் கோட்டைப் போட்டுவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

அழித்திருக்கலாம். ஆனால் பேர் இருந்தால்தான் அரிசி. பேர் போனால் லயத்து வீடும் போய்விடும். வீரமுத்துவின் பெண்சாதி மயிலம்மாளுக்குக் கால் இரண்டும் நீர் கோத்து வீங்கி, நடக்கவே சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. இடுப்பு உயரத்தில் இரண்டு பெண் பிள்ளைகள். யாகப்பன் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார், பிறகு புத்தகத்தை மூடிவிட்டார்.

இதற்காக யாரும் கூட்டம் போடவில்லை. அது பாட்டுக்கு நடந்தது. நாளுக்கு ஒருவர் முறை வைத்துக் குரல் கொடுத்தார்கள். குரல் கொடுத்தவர் அன்றைக்கு வீரமுத்துவின் நிரையில் மரவள்ளிக்கு மண் அணைத்து, களை பிடுங்கி முடித்தார். ரப்பர் மரங்களில் பாதியை வெட்டிப்போட்டு மரவள்ளி நட்டிருந்த காலம் அது. தன் நிரையில் வேலை கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் செத்தவன் நிரையில் யாரும் குறை வைக்கவில்லை. தோட்டத்திலேயே சுத்தமான நிரை அதுதான்.

யாகப்பனுக்குத்தான் நிம்மதி இல்லை. வேதக்காரர், தினமும் ஜெபம் சொல்லிப் படுக்கிறவர். "தெனம் காலையில ஒரு பொய்யோட எந்திரிக்கிறேன்" என்று மனைவி பெர்னதெத்திடம் சொன்னார்.

"வேல நடக்குதுல்ல? சும்மாவா அரிசி வாங்குது அது?" என்றாள் பெர்னதெத். "பொய்யாம் பொய்யி. சாப்புட்டுப் படுங்க."

ஆனால் அந்தப் பொய்க்கு முழு விலை கொடுத்தவள் மயிலம்மாள். ஆபீஸ் பக்கத்து ஆட்கள் வந்து போகிற லயம். நெற்றியில் பொட்டை அழித்தால் தெரிந்துவிடும், தாலியைக் கழற்றினால் தெரிந்துவிடும், வாய்விட்டு அழுதால் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அதனால் புருஷன் செத்த மறுநாளே அவள் பொட்டு வைத்துக்கொண்டாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் யாகப்பனுக்கு அது கேட்கும். அழுகையைவிட அது கேட்கச் சகிக்கவில்லை.

பங்குனியில் நன்னெறி மன்றம் பிறந்தது. தோட்டத் தொழிலாளிகளின் ஒழுக்கத்தை உயர்த்த வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. தலைவர் ஜப்பான் துரை. திறப்பு விழாவுக்கு ஒருமுறை வந்து, கிழக்குப் பார்த்துக் கும்பிடச் சொல்லி, ஒரு இளநீர் குடித்துவிட்டுப் போனார். செயலாளர் திருநாவுக்கரசு. இடம், காலியாகக் கிடந்த ரப்பர் பால் ஸ்டோர். பொருள், தனி வாழ்விலும் தொழில் வாழ்விலும் அறச் சிந்தனை. திங்களும் வியாழனும் வேலை முடிந்த கையோடு எல்லோரும் வரவேண்டும். குடும்பப் பெண்களும் வரவேண்டும்.

வகுப்பின் தொடக்கத்தில் கால்மணி நேரம் கண்ணை மூடி ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். விடிகாலை நாலு மணியிலிருந்து மரவள்ளிக் கிழங்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறவர்கள் கண்ணை மூடினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று. தூக்கத்துக்கு மூன்று புள்ளி குறைப்பு. குறட்டைக்கு மேலும் இரண்டு. எழுந்து நின்று கேள்வி கேட்டால் ஐந்து, ஏனென்றால் அறத்தில் சந்தேகம் வருவது அறமின்மையின் முதல் அறிகுறி. ஒவ்வொருவரும் மாதத் தொடக்கத்தில் நூறு புள்ளியோடு பிறந்தார்கள். மாதக் கடைசியில் எவ்வளவு மிச்சம் என்பதுதான் அவர்களுடைய ஒழுக்கம்.

திருநாவுக்கரசு நன்றாகப் பேசுவார். மேடையில் ஏறினால் அவருடைய தமிழே வேறு. முதல் நாள் பேச்சில் நீலத்தில் ஒன்றும் மண் நிறத்தில் ஒன்றுமாக இரண்டு நோட்டுகளைத் தூக்கிக் காட்டினார்.

"அன்பர்களே, மனிதனுக்கு மனசாட்சி ஒன்று என்று அறியாதவர்கள் சொல்வார்கள். அது தவறு. மனசாட்சி இரண்டு. ஒன்று வீட்டு மனசாட்சி. இது நீல நோட்டு. மற்றொன்று வேலை மனசாட்சி. இது மண் நிற நோட்டு. செருப்பை வாசலில் விட்டு உள்ளே வருவதுபோல வீட்டு மனசாட்சியை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் நான் ஆபீஸுக்கு வருகிறேன். இருபத்திரண்டு ஆண்டுகளாக ஒருநாளும் மறந்து கொண்டுவந்ததில்லை. வெள்ளைக்காரத் துரைக்கு உண்மையாக இருந்தேன். அவர் கப்பலேறிய மறுநாள் காலை எட்டு மணியிலிருந்து ஜப்பான் துரைக்கு உண்மையாக இருக்கிறேன். நடுவில் ஒரு மணி நேரம்கூட நான் உண்மையில்லாமல் இருந்தது கிடையாது."

யாகப்பன் யோசித்துப் பார்த்தார். அவருக்கு உள்ளபடியே சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து நின்றார்.

"ஐயா, வீட்டுல தப்புன்னு படற ஒண்ணு, வேலைக்கு வந்தா சரின்னு ஆயிருமாங்க?"

"ஐந்து" என்று சொல்லித் திருநாவுக்கரசு எழுதிக்கொண்டார்.

"இல்லீங்க, வேலையில தப்புன்னு எழுதுற ஒண்ணு, வீட்டுக்குப் போனா—"

"பத்து."

யாகப்பன் உட்கார்ந்துவிட்டார்.

மாதக் கடைசியில் பட்டியல் படித்தார்கள். ராமசாமி, கொட்டாவி, தூக்கம், மீண்டும் தூக்கம்: நாற்பத்தேழு. இருமியவன் ஒருத்தன் அறுபது. உறுதிமொழி சொல்லும்போது வயிறு இரைந்தவன் எழுபத்தொன்று. பட்டியலின் தலையில் ஒரு பேரை வைத்துக்கொண்டு திருநாவுக்கரசு கடைசிவரை படிக்காமல் வைத்திருந்தார்.

"இம்மன்றத்தில் ஒருவர் நூற்றுக்கு நூறு பெற்றிருக்கிறார். வருகையில் குறையில்லை. உறக்கமில்லை. ஒலியில்லை. அவர் நிரையை நானே வண்டியில் போகும்போது பார்த்தேன், ஒரு களை கிடையாது. யார் அந்த உத்தமர்? வீரமுத்து."

வகுப்புக்கும் யாகப்பன்தான் பேர் கூப்பிடுவார். வீரமுத்துவின் பேருக்கு முறைக்காரர் குரல் கொடுப்பார். அதன் விளைவு இப்படி வந்து நிற்கும் என்று யாரும் நினைக்கவில்லை. ஸ்டோரில் நாற்பது பேரும் தரையைப் பார்த்தார்கள். அது அடக்கம் என்று திருநாவுக்கரசுக்குப் பட்டது.

"உத்தமரை எழுப்பிக் கூச வைக்க வேண்டாம். அவருடைய மனைவி வந்திருக்கிறாரா? எழுந்திரம்மா."

மயிலம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"உன் புருஷன் மாதிரி ஒரு மனுஷன் இந்தத் தோட்டத்துக்கே பெருமை. மன்றம் பாராட்டியதை வீட்டிலும் ஒருமுறை அவரிடம் சொல்லு."

"சொல்லிடறேங்க ஐயா" என்றாள். அன்றைக்குப் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை. யாகப்பன் சோற்றுத் தட்டை அப்படியே தள்ளி வைத்தார்.

அடுத்த மாதம் கட்டுரை எழுதச் சொன்னார்கள். தலைப்பு, 'என் மனசாட்சி'. எழுதத் தெரியாதவர்கள் வெறும் தாளில் பெருவிரல் ரேகை வைத்துக் கொடுத்தார்கள். அந்தக் கட்டுக்குள் ஒரு தாள் ரேகைகூட இல்லாமல் வெறுமையாக இருந்தது. அது வீரமுத்துவுடையது. திருநாவுக்கரசு அதைத் தூக்கிக் காட்டி, "தன் விரலைக்கூடத் தாளில் பதிக்கக் கூசுகிற அகந்தையற்ற மனம்" என்று கால்மணி நேரம் பேசினார். மீண்டும் நூறு.

மூன்றாம் மாதம் செரம்பானிலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வந்தார். மாதிரித் தொழிலாளி யார் என்று கேட்டார். "வீரமுத்து, ஐயா. என்னிடம் தினமும் பேசுவான். நேற்றுக்கூட என்னிடம், 'கிராணி ஐயா, கடமை என்பது மூச்சு மாதிரி' என்று சொன்னான்" என்றார் திருநாவுக்கரசு. அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். வீரமுத்துவுக்குச் சிவப்புத் துணியில் வட்டமாக ஒரு பதக்கம் கிடைத்தது. துணி எங்கும் கிடைக்காத காலம். மயிலம்மாள் அதைச் சின்ன மகளுடைய பாவாடைக் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டுவிட்டாள்.

யாகப்பனின் புள்ளி மாதா மாதம் இறங்கிக்கொண்டே போயிற்று. வகுப்பில் அவர் முகம் சரியில்லை என்று மன்றம் கருதியது. ஆனி மாதத்தில் அவரிடம் முப்பத்தொரு புள்ளி மிச்சம் இருந்தது. தோட்டத்திலேயே அதுதான் ஆகக் குறைந்தது.

அந்த ஆனியில்தான் சயாமுக்கு ஆள் கேட்டு உத்தரவு வந்தது. அங்கே காட்டுக்குள் ரயில் பாதை போடுகிறார்கள். மூணுகல்லுக்கு இருபது பேர். மம்பாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து முன்னமே போனவர்களிடமிருந்து ஒரு வரி கடிதம் வரவில்லை. அது எப்படிப்பட்ட இடம் என்று யாரும் வாயால் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

திருநாவுக்கரசு மன்றத்தைக் கூட்டினார்.

"அன்பர்களே, மற்றத் தோட்டங்களில் ஆட்களைப் பிடித்து லாரியில் ஏற்றுகிறார்கள். அது காட்டுமிராண்டித்தனம். நம் மன்றம் அப்படிச் செய்யாது. நாம் சிந்தித்து முடிவெடுப்பவர்கள். யாரை அனுப்புவது? குறைந்த புள்ளிக்காரர்களை அனுப்பினால் சயாம் ஒரு தண்டனை என்று ஆகிவிடும். அது அரசுக்கு அவமானம். ஆகவே அது ஒரு பரிசு. பரிசை யாருக்குக் கொடுப்போம்? உயர்ந்தவர்களுக்கு. முதல் இருபது பேர் போவார்கள். வீரமுத்து தலைமை தாங்கிச் செல்வார். என் பேரும் பட்டியலில் இருந்திருந்தால் நானும் போயிருப்பேன். செயலாளருக்குப் புள்ளி போடும் விதி இல்லாததால் அந்தப் பாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை."

கேள்வி கேட்டால் ஐந்து புள்ளி என்பதால் யாரும் எழுந்து கேட்கவில்லை. பெண்கள் மட்டும் சத்தமில்லாமல் அழுதார்கள். கொட்டாவி விட்டவர்களும் குறட்டை விட்டவர்களும் தப்பினார்கள். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் அகப்பட்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு யாகப்பன் மேசைக்கு முன்னால் போய் நின்றார். உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

"ஐயா, வீரமுத்து தை மாசமே செத்துட்டான். நாந்தான் வந்து சொன்னேன், படிவம் இல்லன்னீங்க."

திருநாவுக்கரசு பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு மேடைத் தமிழில் இல்லாமல் சாதாரணமாகப் பேசினார்.

"யாகப்பா, நான் சொல்றத நிதானமா கேளு. வீரமுத்து செத்துட்டான்னா, மூணு மாசமா நான் யாரப் புகழ்ந்தேன்? செரம்பான் அதிகாரிகிட்ட, தெனம் என்கிட்ட பேசுறான்னு சொன்னேனே, அது பொய்யா? நான் பொய் சொல்ற ஆளு இல்ல. அது ஒனக்குத் தெரியும். அப்பிடின்னா அவன் சாகல. சரிதானே?"

"பொதைச்ச எடத்தக் காட்றேன், ஐயா."

"அது நீல நோட்டு. அத வீட்டுல வச்சுக்க." குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு. அவன் இல்லன்னு வெளிய தெரிஞ்சா, குரல் குடுத்த நாப்பது பேரையும் மிலிட்டரிக்காரன் வந்து கூட்டிட்டுப் போவான். அந்தப் பொம்பளயையும் சும்மா விடமாட்டான். என்னையும்தான். நாளைக்குப் பெரட்டுல வீரமுத்துன்னு கூப்புட்டா ஒரு ஆளு வந்து நிக்கணும். மொகம் பாக்குறது என் வேலை இல்ல. அந்த வேலையை எனக்கு யாரும் குடுக்கல."

யாகப்பன் வீட்டுக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மயிலம்மாள் பெர்னதெத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள். பதினாலு வருஷமாக அவள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணே, நானே போயி சொல்லிடறேன். எம்மேலதான் குத்தம். அரிசி தின்னது நாங்கதானே? வெட்டுனா என்னைய வெட்டட்டும்."

"நீ சொன்னா நாப்பது பேரும்தான் போவாங்க, தங்கச்சி."

"செத்த மனுசன ரெண்டாந்தரம் அனுப்புறாங்களே அண்ணே. இது என்ன நாயம்?"

யாகப்பன் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் நியாயத்தைப் பற்றி உட்கார்ந்து கேட்டிருந்தார். அதில் ஒன்றும் கைகொடுக்கவில்லை. அவர் மனதில் வந்து வந்து நின்றது ஒரு சின்ன விஷயம். ராமசாமி குரல் கொடுத்தது பிறகுதான். பேரை முதலில் கூப்பிட்டது அவர்.

மயிலம்மாள் போன பிறகு பெர்னதெத் கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு வீரமுத்து பேருக்கு யாரு மொற?"

"ராமசாமி."

"அவனுக்கு மூணு புள்ளைங்க."

"ஆமா."

பெர்னதெத் கிழங்கை உரித்து முடித்தாள். கையைக் கழுவினாள். உள்ளே போய் அவருடைய இன்னொரு சட்டையை எடுத்து மடித்துத் துணிப்பையில் வைத்தாள். ஜெபமாலையையும் அதில் போட்டாள். பிறகு அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருவருக்கு மற்றவர்தான்.

"ஒனக்குக் கோவமா?" என்று கேட்டார்.

"கோவம் இல்ல. பயமா இருக்கு" என்றாள். "நீங்க இல்லாம எனக்கு இருக்கத் தெரியாதுங்க."

யாகப்பனும் பக்கத்தில் உட்கார்ந்தார். இருவரும் அழுதார்கள். ஜெபம் சொல்ல முயன்று பாதியில் விட்டுவிட்டார்கள்.

மறுநாள் பெரட்டில் லாரி வந்து நின்றிருந்தது. இரண்டு சிப்பாய்கள். திருநாவுக்கரசு பட்டியலோடு லாந்தருக்கு அருகில் நின்றார். யாகப்பன் வழக்கம்போலப் புத்தகத்தைப் பிரித்துப் பேர்களைக் கூப்பிட்டார். ராமசாமி. இருக்கேன்.

"வீரமுத்து."

இருட்டில் ராமசாமி மூச்சை இழுக்கிற சத்தம் கேட்டது. வாயைத் திறக்கப் போகிறான். அவனுக்கு முன்னால் யாகப்பன் முந்திக்கொண்டார்.

"இருக்கேன்" என்றார்.

தானே கூப்பிட்டுத் தானே பதில் சொன்னவர், வீரமுத்துவின் பேருக்கு நேரே கோட்டைப் போட்டார். புத்தகத்தையும் பென்சிலையும் லாந்தரையும் ராமசாமியின் கையில் கொடுத்தார். துணிப்பையை எடுத்துக்கொண்டு லாரியில் ஏறிக்கொண்டார். சிப்பாய் தலைகளை எண்ணினான். இருபது. அவனுக்கு அது போதுமாயிருந்தது.

ராமசாமி எழுத்துக் கூட்டி மிச்சப் பேர்களைப் படித்தான். புத்தகத்தில் கடைசிப் பேர் எப்போதும் மண்டோருடையது. அதுவரை வந்தவன் நின்றுவிட்டான். திருநாவுக்கரசு லாரியைப் பார்த்தார், சிப்பாயைப் பார்த்தார். "படி" என்றார் மெதுவாக.

"யாகப்பன்."

லாரி உறுமிக்கொண்டு நின்றது. கடைசியில் பெண்கள் நின்ற பக்கத்திலிருந்து குரல் வந்தது. தன் புருஷன் பேருக்கு ஒருநாளும் குரல் கொடுக்காத மயிலம்மாள்.

"இருக்காரு" என்றாள்.

ராமசாமி கோட்டைப் போட்டான். லாரி ராசா சாலைப் பக்கம் திரும்பிப் போயிற்று.

அதன் பிறகு யாகப்பன் தோட்டத்தில்தான் இருந்தார். தினமும் பெரட்டில் பேர் கூப்பிட்டார்கள், தினமும் இருந்தார். மண்டோர் வேலை ராமசாமிக்குப் போயிற்று. மன்றத்தில் யாகப்பனின் முன்னேற்றம் எல்லோரையும் வியக்க வைத்தது. முப்பத்தொரு புள்ளியில் கிடந்தவர் மறுமாதமே நூற்றுக்கு நூறு எடுத்தார். கேள்வி கேட்பதை அறவே விட்டுவிட்டார் என்று திருநாவுக்கரசு குறிப்பு எழுதினார். திருந்திய மனத்துக்கு எடுத்துக்காட்டு என்று அவரைப் பற்றி ஒரு வகுப்பு எடுத்தார். அதைக் கேட்டுக்கொண்டு பெர்னதெத் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

சித்திரையில் செரம்பானிலிருந்து ஒரு கட்டு வந்தது. மேலே புத்தம் புதிய மரணப் படிவங்கள், நூறு. அதன் கீழே, சயாமுக்கு அனுப்பிய வீரமுத்துவைப் பற்றி மன்றம் எழுதிய நற்சான்றுக் கடிதம் திரும்பி வந்திருந்தது. அதன் ஓரத்தில் முகாம் அதிகாரி ஒரு வரி எழுதியிருந்தார். பெயருடையவர் ஐப்பசி மாதம் வாந்திபேதியில் இறந்தார். உடைமை, ஜெபமாலை ஒன்று.

திருநாவுக்கரசு முதல் படிவத்தை எடுத்து நிரப்பினார். பேர், வீரமுத்து. எல்லாக் கட்டத்தையும் நிரப்பி முத்திரை குத்தினார். ஜெபமாலை வைத்திருந்ததைப் பற்றி அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. யோசிப்பதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆளை விட்டு லயத்துக்குச் சொல்லி அனுப்பினார்.

மயிலம்மாள் பொட்டை அழித்தாள். ஒன்றே கால் வருடமாக நெஞ்சுக்குள் கிடந்தது வெடித்து வெளியே வந்தது. எட்டு வீடும் கேட்கத் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். பெண்கள் கூடினார்கள். பெர்னதெத் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல எழுந்து வந்தாள். அவள் கழுத்தில் தாலி அப்படியே இருந்தது, அதை அவள் கழற்ற முடியாது. பூசை வைக்க முடியாது, கறுப்பு உடுத்த முடியாது. அவள் புருஷன் அன்று காலையும் பெரட்டில் இருந்தார்.

மயிலம்மாள் கையை நீட்டினாள். பெர்னதெத் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "ஐயோ வீரமுத்தண்ணே, இப்பிடி எங்கயோ போயி தனியா செத்தியே, தண்ணி குடுக்கக்கூட ஆளில்லாம செத்தியே" என்று சொல்லிச் சொல்லி, தன் புருஷனுக்காக அழுதாள். அவள் யாருக்காக அழுகிறாள் என்று அங்கிருந்த பெண்களுக்கெல்லாம் தெரியும். மயிலம்மாள் தன் அழுகையை நிறுத்தி அவளைத் தட்டிக்கொடுத்தாள்.

துக்கம் விசாரிக்க வந்த திருநாவுக்கரசு சற்றுத் தள்ளிக் குடையோடு நின்றார். பிறகு ஆபீஸுக்குப் போய் மன்றத்துப் பதிவேட்டைத் திறந்தார். வேற்று மதத்து அயலானுடைய சாவுக்காக இவ்வளவு அழுததற்காக, பெர்னதெத்துக்கு அனுதாபம் என்ற தலைப்பில் ஐந்து புள்ளி கூட்டி எழுதினார்.